பெண்கள் இயக்கப் படங்களை மலையில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

கொழுந்துப்பை (கோத்தகிரி)

பெண்ணியம், பெண்கள் இயக்கம் பற்றிய ஆவணப்படங்களை, வழக்கமான பாணியை உடைத்துப் பார்க்கும் சோதனைப் படங்களை நீலகிரியிலோ பழனி மலையிலோ பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். விமர்சனம் வேண்டாம், அது வேறு இடங்களில் நிறையக் கிடைக்கிறது. யாரோடு பார்த்தீர்கள், பார்த்தவர்கள் என்ன பேசினார்கள், அதைச் சொன்னால் போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் மகளிர் குழுக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'தம்பாக்கு சாக்கிலா ஊப் ஆலி' படத்தைப் போட்டோம். யுகாந்தர் குழு 1982இல் எடுத்தது. தீபா தன்ராஜ், ஆபா பைய்யா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் நால்வரும் 1980இல் தொடங்கிய குழு அது. கர்நாடகத்தில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய நிப்பாணியில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் சங்கம் கட்டியதைப் பற்றிய படம். கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்க்கும்போதே அது தெரிகிறது.

வந்தவர்களில் பாதிப் பேர் கொழுந்து பறிக்கிறவர்கள். மீதிப் பேர் ஃபேக்டரியிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள். வசனம் புரியாது, கீழே ஓடும் எழுத்து இங்கிலீஷ். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளை யாரும் பேசவிடவில்லை. தூசி பறக்கும் கூடத்தைப் பார்த்ததுமே ஃபேக்டரிக்காரப் பெண் ஒருவர், "இருமல் வந்திருக்குமே, லீவு குடுத்தானா?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். சங்கக் கூட்டம் வந்ததும் இன்னும் கேள்விகள். கூட்டம் ராத்திரியிலா பகலிலா? அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் வைத்துக்கொண்டார்கள்? வீட்டுக்காரர் சும்மா விட்டாரா? சந்தாவை யார் கையில் கொடுத்தார்கள்? பெண்ணியக் கோட்பாடு பேசுகிற எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு சரியான கேள்விகளை நான் கேட்டதில்லை.

படம் அரை மணி நேரம்கூட இல்லை. பேச்சு இருட்டும்வரை போனது. காட்டில் வேலை செய்யும்போது ஒதுங்க இடம் இல்லை, அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் போகிறோம் என்று ஒருவர் ஆரம்பித்தார், அவ்வளவுதான். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள்.

சரி, அடுத்தவர் சொல்லுங்கள்.

பாண்டியார் (கூடலூர்)

அக்கா, நீங்கள் படம் காட்டியதைச் சொன்னீர்கள். எங்களைப் படம் பிடித்த கதையை நான் சொல்கிறேன்.

நாங்கள் சிலோன்காரக் குடும்பம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று எழுதப்பட்டு, அம்மா சின்னப் பெண்ணாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்குக் கேமரா புதிது இல்லை. ரோட்டோரம் பறித்தால் டூரிஸ்ட் வண்டி நிற்காத நாள் இல்லை. ஒருமுறை பக்கத்துத் தனியார் எஸ்டேட்டில் சினிமாப் பாட்டு எடுக்க வந்தார்கள், ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். எங்களிடம் இருப்பது முதுகில் தொங்கும் பை. அவர்கள் எங்கிருந்தோ மூங்கில் கூடை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். புதுச் சேலை, பூ. நடிகை முன்னால் ஆட, பின்னால் இவர்கள் பறிப்பதுபோல் நிற்க வேண்டும். அம்மா பழக்கத்தில் நிஜமாகவே பறித்துக் கூடையில் போட்டிருக்கிறாள். "நிஜமா பறிக்காதம்மா, தலையைக் குனியற, முகம் தெரியல" என்று சத்தம் போட்டார்களாம். அம்மா இதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

பெண்கள் இயக்கப் படம் என்று நான் முதலில் பார்த்தது 2015 செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் வந்த மூணாறு துண்டு வீடியோக்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததற்காக ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்ற பெண்கள் அமைப்பு, அதுதான். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். பெரிய சங்கத் தலைவர் யாரையும் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. எங்களுக்கு மூணாறில் சொந்தம் உண்டு. அம்மா ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்தி முகம் தேடினாள். நடுங்கும் போனில், யாரோ ஒரு பெண் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை எடுத்த வீடியோ. அதில் கூடையும் இல்லை, பூவும் இல்லை.

டிவிக்காரர்கள் வந்ததும் தலைவி யார், தலைவி யார் என்று தேடி இரண்டு மூன்று பேரிடம் மட்டும் மைக்கை நீட்டினார்கள். அப்புறம் அமைப்பு உடைந்ததும் அதையும் வந்து எடுத்தார்கள். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய பெண்ணின் பத்தாம் நாளை யாராவது எடுத்தால், அதை இங்கே போடுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

மேல்பஜார் (ஊட்டி)

நான் சொல்லப்போகும் படத்துக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம், பேச்சு முழுக்கத் தமிழ். அதே தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்'. புதுக்கோட்டையை மையமாக வைத்து இயங்கும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத் பற்றியது. ஊர் ஜமாத்தில் பெண்ணின் வழக்கைப் பேசுவார்கள், ஆனால் அவளுக்கு அங்கே இடம் இல்லை. அவள் பக்கத்தை அத்தாவோ அண்ணனோ போய்ச் சொல்ல வேண்டும். இது போதாது என்று 2004இல் பெண்கள் தாங்களே ஒரு ஜமாத் வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் மாமியோடு பார்த்தேன். மாமி ஒரு காலத்தில் இப்படி ஒரு வழக்கில் வெளியே காத்திருந்தவர். அதற்குமேல் அவர் கதையை நான் எழுதக்கூடாது. படத்தில் வீரவசனம் எதுவும் வராது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கதையைக் கேட்கிறார்கள், மனு எழுதுகிறார்கள், புருஷன் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், மறுபடியும் போன் போடுகிறார்கள். தலாக், ஜீவனாம்சம், அடி உதை, நகை என்று வந்துகொண்டே இருக்கிறது. மாமி பாதியில் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சரி, பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு மனுவுல தேதி போட்டாளா பாரு, தேதி இல்லாட்டி ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் படத்தைப் பற்றி வெளியே எழுதுகிறவர்கள் 'பாவம், அடக்கப்பட்ட முஸ்லிம் பெண்கள்' என்ற தொனியை விடுவதே இல்லை. நான் பார்த்தது அலுவலகம் நடத்தத் தெரிந்த பெண்களை. குர்ஆனையும் பேசுகிறார்கள், இந்தியச் சட்டத்தையும் பேசுகிறார்கள், எது எங்கே செல்லும் என்று தெரிந்து பேசுகிறார்கள். பரிதாபப்படுகிறவர்கள் அந்தப் பெண்களிடம் போய் ஒரு மனு எழுதிக் காட்டட்டும்!

காட்டேரி பஸ் (குன்னூர்)

எல்லோரும் ஆவணப்படம் பற்றியே சொல்கிறீர்கள். நான் சோதனைப் படத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் மத்திய அரசு ஆரம்பித்தது. வெளிச்சம் பட்டால் சுருள் வீணாகிவிடும் என்பதால் இருட்டிலேயே ஷிஃப்ட். வீட்டில் ஃபிலிம் என்றாலே அடிக்கணக்குத்தான், ஒரு அடி வீணானாலும் அப்பாவுக்கு மனசு ஆறாது. அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு ஒன்று சட்டென்று புரிந்தது. 1970களில் அமெரிக்கப் பெண் கலைஞர்கள் ஏன் வீடியோவைப் பிடித்துக்கொண்டார்கள்? தோளில் தூக்கிப் போகும் வீடியோ கேமரா, சோனியின் போர்ட்டாபேக், வந்த பிறகு சுருள் வாங்க வேண்டாம், கழுவக் கொடுக்க வேண்டாம், ஆண் கேமராமேன் வேண்டாம். தனியாக ஒரு அறையில் கேமராவை வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றால் போதும்.

மார்த்தா ராஸ்லர் 1975இல் செய்த 'செமியாட்டிக்ஸ் ஆஃப் தி கிச்சன்' அப்படிப்பட்டதுதான். கறுப்பு வெள்ளை, ஆறு நிமிடம் போல. சமையலறை மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டு, அகர வரிசைப்படி ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுகிறாள். முகத்தில் சிரிப்பே கிடையாது. கத்தியைக் காட்டும்போது குத்துகிறாள். கரண்டியில் இல்லாத சூப்பை மொண்டு பக்கத்தில் வீசுகிறாள். கடைசி எழுத்துகளுக்குத் தனிச் சாமான் கிடையாது, கைகளை நீட்டி மடக்கி எழுத்தைப் போட்டுக் காட்டுகிறாள். முடிவில் தோளைக் குலுக்கிக்கொள்கிறாள். டிவி சமையல் நிகழ்ச்சிகளைக் கிண்டல் செய்தது என்று எழுதுவார்கள்.

இதை என் மாமியாருக்குப் போனில் காட்டினேன். எழுபது தாண்டியவர், படுகர் வீட்டுப் பெண், பெரிய குடும்பத்துக்கே ஆக்கிப்போட்டவர். கரண்டி வந்ததும் ஒரே சிரிப்பு. மறுபடி போடு என்றார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. "இத்தனை சாமான் எடுத்தா, ஒண்ணுகூட அழுக்காகல. கழுவுறது யாருன்னு இவ காட்டலையே" என்றார். இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இந்தக் குறையைச் சொன்னவர் யாருமில்லை. படத்தைக் காப்பாற்ற நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஏழுரோடு நைட் டூட்டி (கொடைக்கானல்)

நான் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிறேன். சீசன் இல்லாத மாதங்களில் ராத்திரி டூட்டி என்றால் லேப்டாப்தான் துணை. 'நைட்கிளீனர்ஸ்' என்று ஒரு படம். லண்டனில் ராத்திரியில் ஆபீஸ் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் பெண்களைச் சங்கத்தில் சேர்க்க 1970களின் தொடக்கத்தில் நடந்த முயற்சி. பெர்விக் ஸ்ட்ரீட் ஃபிலிம் கலெக்டிவ் எடுத்து 1975இல் வந்தது. பிரச்சாரப் படமாக ஆரம்பித்தது, முடிந்தபோது வேறு ஏதோவாகிவிட்டது. காட்சிகளுக்கு நடுவே வெறும் கறுப்புத் திரை வரும். நெட் போய்விட்டதோ என்று ரௌட்டரை அணைத்துப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கறுப்புத் திரை இன்னும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் தூக்கம் இல்லாத ஒரு பெண்ணின் முகத்தை மெதுவாக்கி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் வரும்போது அதே முகம். மன்னவனூர்ப் பக்கம், வில்பட்டிப் பக்கம் இருந்தெல்லாம் வருகிறார்கள். பெட்ஷீட்டை உருவிப் போட்டு, அடுத்த கெஸ்ட் வருவதற்குள் அறையைத் தயார் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பூண்டுக் காட்டில் களை எடுப்பார்கள்.

ஒரு அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "இதுல யார் சூப்பர்வைசர்?" என்று மட்டும் கேட்டார். நான் காட்டினேன். "மூஞ்சியிலேயே தெரியுது" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

கேத்தி பள்ளத்தாக்கு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தப் படங்களை எடுத்தவர்கள் எல்லோரும் படித்த, நகரத்து ஆட்கள். ஃபெஸ்டிவல் அவர்களுக்கு, விருது அவர்களுக்கு. பாண்டியார் சொன்ன ஷூட்டிங்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கொழுந்துப்பை (கோத்தகிரி)

கேத்தி சார், கேட்க வேண்டிய கேள்விதான். எடுத்தவர்களில் சிலரே அதைக் கேட்டிருக்கிறார்கள். நிஷ்டா ஜெயின் 'லட்சுமி அண்ட் மீ' படத்தில் தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணைத்தான் எடுக்கிறார். சம்பளம் கொடுப்பவரும் கேமரா வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்பதை மறைக்காமல் படத்துக்குள்ளேயே வைக்கிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கும். யுகாந்தர்காரர்கள் 1983இல் 'இதி கதா மாத்ரமேனா' எடுத்தபோது ஹைதராபாத் ஸ்திரீ சக்தி சங்கடனா பெண்களோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பெண்களையே நடிக்க வைத்தார்கள். குடும்பத்துக்குள் விழும் அடியைப் பற்றிய படம். இந்தப் படங்களைப் பெண்கள் கூட்டங்களுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். பாட்டு எடுக்க வந்த யூனிட் எதுவாவது எங்கள் லைன் வீடுகளுக்குத் திரும்பி வந்து போட்டுக் காட்டியதா?

ஆனாலும் உங்கள் கேள்வியை அடுத்த கூட்டத்தில் அப்படியே வைக்கிறேன். நீங்களும் வாருங்கள், வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்கள்.

பாண்டியார் (கூடலூர்)

அடுத்த படம் என்ன அக்கா?

கொழுந்துப்பை (கோத்தகிரி)

ஒதுங்க இடம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லையே. அதனால் பரோமிதா வோரா 2006இல் எடுத்த 'க்யூ2பி'. மும்பையில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, ஏன் இல்லை என்று தேடிக்கொண்டு போகும் படம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். அன்று சம்பளம் போட்டால் எல்லோரும் சந்தைக்குப் போய்விடுவார்கள், அப்போது மூன்றாம் ஞாயிறு. புரொஜெக்டர் பல்பு மங்கிவிட்டது, குன்னூர்ப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

காட்டேரி பஸ் (குன்னூர்)

எங்கள் பள்ளியில் ஒன்று இருக்கிறது, எச்டிஎம்ஐ வயர் மட்டும் இல்லை. மாமியாரையும் கூட்டிவரலாமா? கழுவுவது யார் என்று கட்டாயம் கேட்பார்.