பூவன்பழம், தனியா, டிகாக்‌ஷன்: பெங்களூரில் பீர் ருசித்த மதியம்

சென்னையில் இத்தனை வருஷமும் கடை பீர் மட்டுமே குடித்து வந்தவன் நான். பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருந்தால் அது நல்ல பீர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போன மாதம் பள்ளிக்கால நண்பனோடு சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். மதியம் பெங்களூரில் இறங்கி, மெட்ரோ பிடித்து இந்திரா நகர். அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் டாய்ட் என்ற பப்புக்குக் கூட்டிப்போனான், 2010-இல் தொடங்கியது.

உட்கார்ந்ததுமே பெரிய கிளாஸில் ஐபிஏ என்ற கசப்பு பீர் கேட்டேன். தடுத்துவிட்டான். "மச்சி, கசப்பை முதல்ல குடிச்சா நாக்கு அங்கேயே நின்னுடும். அப்புறம் வேற எதுவும் தெரியாது." சின்னச் சின்ன கிளாஸ்களில் வாங்கி, லேசானதில் ஆரம்பித்து கறுப்பில் முடித்தோம்.

முதலில் பாஸ்மதி அரிசி சேர்த்தது. இதமாக இருந்தது, சீக்கிரம் தீர்ந்தது. அடுத்தது கோதுமை பீர். வடிகட்டாததால் மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. "குடிக்காதே, முதல்ல மோந்து பாரு" என்றான். பார்த்தேன். அச்சு அசல் பூவன்பழ வாசனை! அடியில் லேசாகக் கிராம்பும். பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போதே இந்த இரண்டு வாசனையையும் உண்டாக்குமாம். நான் தனியாகப் போயிருந்தால் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்திருப்பேன்.

மூன்றாவது பெல்ஜியன் விட். இந்த வகையில் ஆரஞ்சுத் தோலும் தனியாவும் சேர்ப்பார்கள். தனியா வாசனையை மோந்து கண்டுபிடித்தது நான். நம் வீட்டு ரசப்பொடி மூக்கல்லவா! கசப்பான ஐபிஏவை அதற்குப் பிறகு குடித்தபோதுதான் அவன் சொன்னது புரிந்தது. கடைசியாக ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். முதல் டிகாக்‌ஷன் மாதிரியே நிறம், அதே கருகல் மணம். காபிக்கொட்டை சேர்த்த ஸ்டவுட்டும் உண்டு, ஆனால் இந்த மணத்துக்கு அது தேவையே இல்லை. பார்லியைக் கறுக்க வறுத்தாலே போதும். அதை ஜில்லென்று குடிக்காமல் கொஞ்ச நேரம் மேஜையிலேயே விட்டுவைத்தோம். குளிர் குறையக் குறைய சாக்லேட் வாசனை எழுந்து வந்தது.

ஊர் திரும்பி நாலு நாள் இருக்கும். காலையில் அவனிடமிருந்து போன். "மச்சி, அம்மா தனியா வறுக்கிறாங்க. மூணாவது கிளாஸ் ஞாபகம் இருக்கா?"