சுனாமி வீட்டுக் கூரை பெயர்ந்து விழுகிறது, யாரிடம் கேட்பது? (ராமநாதபுரம் கடற்கரை)

கச்சான்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். ஏர்வாடி தாண்டி ஒரு மீனவர் குடியிருப்பில் இருக்கிறோம். சுனாமிக்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த வீடு. பட்டா அத்தை, மாமா ரெண்டு பேர் பேரிலும் இருக்கிறது. அடுப்புக்கு மேலே கூரைக் காரை பாளம் பாளமாக விழுகிறது. கம்பி வெளியே தெரிகிறது, விரலால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. போன மழையில் விழுந்த துண்டு சோற்றுப் பானை மூடியை நெளித்துவிட்டது. பிள்ளையை இப்போது திண்ணையில்தான் படுக்க வைக்கிறேன்.

எங்கள் வீடு மட்டும் இல்லை, வரிசையே இப்படித்தான். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் கக்கூஸ் குழி நிரம்பி வாசலுக்கு வருகிறது.

மனு கொடுத்தால் ஊராட்சியில் "யூனியனுக்குப் போங்க" என்கிறார்கள். யூனியனில் "தொண்டு நிறுவனம் கட்டியது, எங்களிடம் கோப்பு இல்லை" என்கிறார்கள். கலெக்டர் ஆபீசில் கொடுத்தது திரும்ப யூனியனுக்கே வந்துவிட்டது. பழுதுபார்ப்புத் திட்டத்தில் கேட்டால் அது 2000-01க்கு முன்னால் கட்டிய அரசு வீடுகளுக்காம். கனவு இல்லம் கேட்டால் குடிசையில் இருப்பவர்களுக்காம். அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு யார்தான் பொறுப்பு?

கொத்தனார்மகன்:
அக்கா, மனு அப்புறம். முதலில் அடுப்பை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். காரை தொங்கும் இடத்துக்குக் கீழே பலகை கொடுத்து சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள். மாடியில் கருவாடு காயப்போடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், அந்த உப்புத் தண்ணீர் நேரே தளத்துக்குள்தான் இறங்குகிறது.

யாராவது "மேலே சிமெண்ட் பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளும். துருவை விட்டுவிட்டு மேலே பூசினால் அடுத்த கச்சான் காற்றுப் பருவத்துக்குள் பூச்சோடு சேர்ந்து விழும். தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவை வைக்க வேண்டும். கம்பி பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தால் அதுவும் உதவாது, புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும்.

பெயர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்து கம்பிக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் இடையே எவ்வளவு காரை இருந்தது என்று பார்த்து போட்டோ எடுங்கள். அந்தக் காரைக் கனத்தைத்தான் மூடல் என்போம். கடற்கரைக் காற்று படும் இடத்தில் 45 மி.மீ. மூடல் வேண்டும், எம்30 என்கிற வலிமைத் தரத்தில் கலவை வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000) சொல்கிறது. நம் பக்கம் நான் கொத்திய சுனாமி வீடுகளில் கம்பி பிளாஸ்டருக்குள்ளேயே கிடந்தது. கலவைக்கு ஊற்றிய தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

ஓய்வு_ஓவர்சியர்:
தங்கச்சி, கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும். பட்டா உங்கள் வீட்டுக்காரர்கள் பேரில் இருப்பதால் வீட்டுக்குள்ளே பராமரிப்பு உங்களுடையது என்று ஆபீஸ் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

வாய்க்கால், தெருவிளக்கு, குடிநீர், தெருச் சுத்தம் எல்லாம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, 110-வது பிரிவின்படி கிராம ஊராட்சியின் கடமை. வீட்டை யார் கட்டினார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நீங்கள் கூரையையும் வாய்க்காலையும் ஒரே மனுவில் எழுதியிருப்பீர்கள், இல்லையா? கிளார்க் அதில் "வீடு" என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் தள்ளிவிடுவார். நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரியும். வாய்க்காலுக்குத் தனி மனு, கூரைக்குத் தனி மனு.

இன்னொன்று. 2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்தது, அதிலிருந்து தேர்தல் நடந்து புதுத் தலைவர்கள் வரும்வரை நம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகள் தனி அலுவலர் கையில். அந்தத் தனி அலுவலர் யார்? யூனியனில் இருக்கிற கிராம ஊராட்சி பி.டி.ஓ.தான். ஊராட்சி "யூனியனுக்குப் போ" என்பதும் யூனியன் "கோப்பு இல்லை" என்பதும் ஒரே ஆளின் இரண்டு கை. வாய்க்கால் மனுவில் "தனி அலுவலர் மற்றும் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி)" என்று முகவரி போடுங்கள். நகல் கலெக்டருக்கு. ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கச்சான்காற்று:
ஆமாண்ணே, எல்லாம் ஒரே மனுவில்தான் எழுதினோம். இப்போது புரிகிறது. கூரை மனுவுக்கு ஆதாரம் என்ன வைப்பது? கோப்பே இல்லை என்கிறார்களே.

மனுக்காரன்:
கோப்பு இல்லை என்று வாய்ச் சொல்லாகச் சொல்வது சுலபம், எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, 6(1) பிரிவில் விண்ணப்பம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபாலில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. அவர்களிடம் இல்லாவிட்டால் 6(3)படி 5 நாளுக்குள் இருக்கிற ஆபீசுக்கு அவர்களேதான் அனுப்ப வேண்டும், உங்களை அலைய விடக்கூடாது. சாதாரணமாகப் பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் 19(1)ல் அதே துறை மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு.

"ஏன் சரிசெய்யவில்லை?" என்று எழுதாதீர்கள். அது கேள்வி, தகவல் அல்ல என்று மூடிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: இந்தக் குடியிருப்பைக் கட்ட மாவட்ட நிர்வாகம் தொண்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்த நகல், மதிப்பீடும் வரைபடமும், வேலையை ஆய்வு செய்த பொறியாளர் அறிக்கை, வீடுகளை ஒப்படைத்த, ஏற்றுக்கொண்ட கடிதம், ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் இந்தக் குடியிருப்பின் சாலை, வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி உள்ள பக்கம். அழித்துவிட்டோம் என்றால் அழித்த உத்தரவின் நகல். சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரியைப் பார்த்ததும் ஓவர்சியர் நேரில் வந்த ஊர்கள் உண்டு.

கீழக்கரை_லண்டன்:
தங்கச்சி, நான் இங்கே லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி) வாடகைக்கு விடும் வீட்டில் இருக்கிறேன். 2020-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் பூஞ்சணம் பிடித்த சமூகக் குடியிருப்பில் ஆவாப் இஷாக் என்கிற இரண்டு வயதுப் பிள்ளை இறந்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளை பேரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் வந்து பாதுகாப்பு செய்ய வேண்டும். ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளில் ஆய்வு. கவுன்சில் அசையவில்லை என்றால் முறைமன்ற நடுவரிடம் (ஓம்புட்ஸ்மன்) போகலாம், இழப்பீடும் கிடைக்கலாம். நம் ஊரில் ஏன் இது இல்லை?

ஓய்வு_ஓவர்சியர்:
காக்கா (அண்ணா), அங்கே கவுன்சில் வாடகை வாங்குகிறது, அதனால் வீட்டுக்காரர் பொறுப்பு அதன் தலையில். இங்கே பட்டாவைக் கையில் கொடுத்துவிட்டு அரசு விலகிவிட்டது. பட்டா கொடுத்தது நல்ல காரியம்தான், ஆனால் உப்புக்காற்றில் நிற்கிற வீட்டை 20 வருஷம் கழித்து யார் பார்ப்பது என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. பழுதுபார்ப்புத் திட்டத்தின் ஆண்டு வரம்பும் இவர்களை வெளியே விட்டுவிட்டது. ஆகவே கூரை மனுவில் "கட்டுமானக் குறை, உயிர் ஆபத்து, தொழில்நுட்ப ஆய்வு செய்து சிறப்பு நிதி ஒதுக்குக" என்று கலெக்டரிடம் கேட்பதுதான் வழி. தனி வீடாகக் கேட்காதீர்கள், வரிசை முழுக்க வீட்டு எண்ணோடு பட்டியல் போடுங்கள். மாதாமாதம் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், அங்கே மீன்வளத்துறைக்காரர்களும் இருப்பார்கள்.

குடியிருப்பு முகப்பில் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்குமே, அதையும் போட்டோ எடுங்கள்.

கச்சான்காற்று:
கல்வெட்டு இருக்கிறதுண்ணே. தேர்தல் போஸ்டர் ஒட்டி ஒட்டி மறைந்திருந்தது, மாமா தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தார். தொண்டு நிறுவனம் பேர், தேதி, வீடுகளின் எண்ணிக்கை, திறந்து வைத்த அதிகாரியின் பதவி எல்லாம் இருக்கிறது. கூரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், மூடல் ஒன்றரை விரல்கூட இல்லை. கக்கூஸ் குழிக்கு எந்த மனுவில் எழுதுவது?

ஓய்வு_ஓவர்சியர்:
குழி உங்கள் பட்டா எல்லைக்குள் இருந்தால் கூரை மனுவில், நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் தவறான ஆழத்தில் தோண்டியது என்று கட்டுமானக் குறையாக எழுதுங்கள். வெளியே தெருவில் தேங்குவது வாய்க்கால் மனுவில். அதோடு அதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவும் போடச் சொல்லுங்கள், கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.

மனுக்காரன்:
கலெக்டர் மனுவுக்கும் பதில் வராவிட்டால் ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வக்கீல் காசு பற்றி யோசிக்க வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போய்க் கேளுங்கள், மனு ரசீதுகளின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். மனுவில் அத்தை கையெழுத்து இருக்கட்டும், பட்டா அவர் பேரிலும் இருக்கிறதே.