பொருள் வலிமைப் பாடத்தை மாணவர்கள் செயல்பட்டுக் கற்கும் வகையில் மாற்றியமைப்பது எப்படி?

கேள்வி

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருள் வலிமைப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள்; வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைக்கிறது. தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை), திரிபு (நீளம் மாறும் விகிதம்), வளைதல், முறுக்கம் என ஒவ்வொன்றுக்கும் சூத்திரத்தைக் கரும்பலகையில் வருவித்து, பிறகு இரண்டு மூன்று கணக்குகளைப் போட்டுக் காட்டுவதே இதுவரை உள்ள நடைமுறை. அதே கணக்கை எண்களை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலோர் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கான்கிரீட் உத்தரத்தின் வலப்பக்கத் தாங்கியைச் சற்று உள்ளே நகர்த்திவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் எடையை வைத்தால் விரிசல் மேற்பக்கம் விழுமா, கீழ்ப்பக்கம் விழுமா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை.

அடுத்த பருவத்தில் பாடத்தை மாற்றியமைக்க விரும்புகிறேன். பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க முடியாமல் போகுமோ என்பது என் முதல் கவலை. குழுவேலை என்று கொடுத்தால் ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவாரோ என்பது அடுத்தது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1

செயல்பாடுகளைத் தேடிப் போவதற்கு முன் தேர்வுத்தாளை எடுத்து வைத்துப் பாருங்கள் ஐயா. எண்ணை மட்டும் மாற்றிய கணக்குகளே தேர்வில் வருமானால், வகுப்பில் நீங்கள் என்ன செய்தாலும் மாணவர்கள் அந்தக் கணக்குகளுக்கு மட்டுமே தயாராவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் கேட்ட உத்தரக் கேள்வியைப் போன்ற, கணக்கிடாமல் காரணம் மட்டும் எழுத வேண்டிய கேள்விகளுக்கு மதிப்பெண்ணில் கணிசமான பங்கு ஒதுக்குங்கள்.

வகுப்பில் செய்யக்கூடியதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே நீளமும் ஒரே குறுக்குவெட்டும் கொண்ட எஃகுக் கம்பி, அலுமினியக் கம்பி ஆகிய இரண்டிலும் ஒரே எடையைத் தனித்தனியே தொங்கவிட்டால் எதில் தகைவு அதிகம் என்று கேளுங்கள். அருகில் இருப்பவரிடம் பேசாமல், ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தேர்ந்து வண்ண அட்டையை உயர்த்த வேண்டும். விசையையும் பரப்பையும் பொறுத்ததே தகைவு என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களிலும் பலர் எஃகு என்றோ அலுமினியம் என்றோ அட்டையைத் தூக்குவார்கள். இரண்டிலும் ஒன்றுதான் என்ற விடையை உடனே சொல்லிவிடாமல், மாறுபட்ட விடை வைத்திருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடியும் அட்டையை உயர்த்தச் சொல்லுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது. முதல் சுற்றில் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் விவாதம் பயன் தரும். அதற்குக் கீழே போனால் நீங்களே விளக்க வேண்டும், மேலே போனால் அடுத்ததற்குச் செல்லலாம்.

உண்மையான சோதனை அதற்கடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. அதே இரண்டு கம்பிகளையும் அருகருகே நிறுத்தி, வளையாத இரு தகடுகளுக்கு இடையே பிணைத்து, எடையைச் சேர்ந்து தாங்கவிட்டால் என்ன ஆகும்? இப்போது இரண்டும் ஒரே அளவு நீண்டாக வேண்டும். எஃகின் யங் குணகம் (நீட்சியை எதிர்க்கும் விறைப்பின் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது 70 என்பதால், எஃகில் தகைவு அலுமினியத்தில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்காக இருக்கும். முதல் கேள்விக்கு விடையை மட்டும் பிடித்துக்கொண்டவர் இங்கே தடுமாறுவார், காரணத்தைப் பிடித்துக்கொண்டவர் தடுமாறமாட்டார்.

பதில் 2

பாடத்திட்டம் குறித்த கவலைக்கு என் விடை: வருவிப்புகளில் பெரும்பகுதியை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடலாம். முதல் நாளே இரண்டு பக்க வாசிப்பைக் கொடுத்து, வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடத் தனித்தேர்வு வைத்தால் படித்துவிட்டு வருவார்கள். அதே வினாத்தாளை உடனே குழுவாகவும் எழுதவைத்து இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தால், ஒருவர் உழைப்பில் மற்றவர் தப்பிப்பது பெரிதும் குறையும். பருவம் முழுவதும் நீளும் பெரிய குழுத்திட்டத்தை முதல் முறையிலேயே தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் அஞ்சுவது அங்கேதான் நடக்கும்.

முறுக்கத்துக்கு ஆளுக்கு இரண்டு சாக்பீஸ் போதும். ஒன்றை வளைத்தும் மற்றொன்றை முறுக்கியும் உடைக்க வேண்டும். ஆனால் உடைப்பதற்கு முன், உடையும் பரப்பு எப்படியிருக்கும் என்று ஒவ்வொருவரும் படம் வரைந்து கையெழுத்திட்டுவிட வேண்டும். வளைத்தது குறுக்கே நேராக உடையும். முறுக்கியது அச்சுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வில், சுருளாக உடையும். நொறுங்கும் பொருள் இழுவிசைக்குத்தான் முதலில் தோற்கிறது என்பதும், முறுக்கத்தில் மிகப்பெரிய இழுதகைவு அந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்பதும் அவர்கள் கையிலேயே தெரியும். மென்னெஃகுத் தண்டு முறுக்கத்தில் ஏன் குறுக்கே தட்டையாக உடைகிறது என்று அப்போது கேட்டால், முதன்மைத் தகைவுகளை (ஒரு புள்ளியில் உள்ள மிகப்பெரிய, மிகச்சிறிய நேர்த்தகைவுகளை) வரைந்து காணும் மோர் வட்டத்தை அவர்களே வேண்டிக் கேட்பார்கள்.

தேர்ச்சி குறையும் என்று துறையில் யாரேனும் தயங்கினால், 2014இல் வெளியான ஒரு பெரும் தொகுப்பாய்வை எடுத்துக்காட்டலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 விழுக்காடாகவும், மாணவர்கள் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் சுமார் 22 விழுக்காடாகவும் இருந்தது.

பதில் 3

இப்படிப்பட்ட வகுப்பில் படித்த மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முதல் சில வாரங்கள் எங்களுக்கு எரிச்சலாகவே இருந்தது. ஆசிரியர் பாடமே நடத்தாமல் எங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தோம். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்விலும் இதுவே தெரிந்தது: செயல்பட்டுக் கற்றவர்கள் தேர்வில் கூடுதலாகவே எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருக்கும், தடுமாறி யோசிக்கும்போது ஒன்றுமே புரியாததுபோல் இருக்கும். இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் ஐயா. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் பருவத்தில் வளைதல், முறுக்கம் ஆகிய இரண்டு அலகுகளை மட்டும் இப்படி மாற்றிவிட்டு, தேர்வுத்தாளையும் அதற்கேற்பத் திருத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். பேசவே தயங்கும் மாணவர்களை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

பதில் 1

பேச்சுக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். எழுதிய ஊகத்துக்கும் அதன் காரணத்துக்கும் வையுங்கள், அதுவும் சரியா தவறா என்று பாராமல். காரணத்தை எழுதி வைத்திருப்பவருக்கு அருகில் இருப்பவரிடம் அதைப் படித்துக் காட்டுவது அவ்வளவு கடினமாக இருக்காது. வகுப்பு முழுவதற்கும் சொல்லும் பொறுப்பைக் குழுவுக்குள் வாரந்தோறும் மாற்றிக்கொண்டே வாருங்கள். சொல்பவர் தன் கருத்தை அல்லாமல் குழுவின் கருத்தையே சொல்கிறார் என்பதால் தயக்கம் பாதியாகக் குறையும்.