பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: டெயில்ஸா, க்யூப்ஸா, மின்டா?

வைகைக்கரை:
ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட்டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது. சரி, லினக்ஸுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். பேங்க், தமிழ்99 டைப்பிங், லிப்ரே ஆபீஸ், இவ்வளவுதான் வேலை. ஆனால் எதைத் தேடினாலும் அதே விளம்பரம் ஒரு வாரம் துரத்துவது எரிச்சலாக இருக்கிறது. மச்சான் டெயில்ஸ் என்ற லினக்ஸைப் போடு என்கிறான், யூடியூபில் ஒருவர் க்யூப்ஸ் என்கிறார். நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனியின் சர்வர் வழியே அனுப்பும் விபிஎன்னும் வாங்கவேண்டுமா?

டெர்மினல்தாசன்:
மச்சானிடம் ஒன்று கேளுங்கள், யாரிடமிருந்து ஒளியப் போகிறீர்கள் என்று. டெயில்ஸ் யூஎஸ்பியிலிருந்து ஓடும், இணையம் முழுக்க டோர் (பல கணினிகள் வழியே சுற்றி உங்கள் ஐபியை மறைக்கும் நெட்வொர்க்) வழியாகப் போகும், நீங்களாகச் சேமிப்பிடம் ஒதுக்காவிட்டால் ஷட்டவுன் செய்ததும் எல்லாம் போய்விடும். அதில் உட்கார்ந்து சொந்தப் பெயரில் பேங்கில் லாகின் செய்வதில் என்ன அர்த்தம்? ஐபி வேறு ஏதோ நாட்டைக் காட்டும், பேங்க் சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கினாலும் முடக்கும். க்யூப்ஸ் ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் கணினி திறப்பது, 16 ஜிபி இல்லாமல் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பேசாமல் மின்ட் 22 போடுங்கள். உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். நிறுவும்போது டிஸ்க் என்க்ரிப்ஷனை (பாஸ்வேர்டு இல்லாமல் ஃபைல்களைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) மட்டும் மறக்காமல் டிக் செய்யுங்கள், ஏனென்றால் நம்மைப் போன்றவர்களுக்கு உளவாளியைவிட லேப்டாப் பஸ்ஸில் தொலைவதுதான் நிஜமான ஆபத்து. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் ஃபைல்கள் போனது போனதுதான், பேக்கப் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழல்வட்டு:
நான் டெபியன் (இன்னொரு லினக்ஸ்) ஆள். 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை வேலைசெய்யத் தேவையான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வந்துவிடுகிறது, பழைய பயம் வேண்டாம். ஆனாலும் முதல்முறை என்றால் மின்டே சரி.

ஒன்று, விளம்பரம் துரத்துவதை எந்த டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகையும்) நிறுத்தாது, அது பிரவுசர் சமாச்சாரம். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்தபிறகு யூபிளாக்கின் லைட் வடிவம்தான் ஓடுகிறது. பேங்குக்குத் தனி புரொஃபைல், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்க கீபாஸ்எக்ஸ்சி.

நள்ளிரவுப்பறவை:
விபிஎன் வேண்டாம். இன்று உங்கள் நெட் கம்பெனி பார்ப்பதை நாளை விபிஎன் கம்பெனி பார்க்கும், தளங்கள் உங்களை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் குக்கீ எப்போதும்போல் கூடவே வரும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் கம்பெனிகளை வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னபோது எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், வேகம் கண்ணால் தெரியும்.

வைகைக்கரை:
நன்றி. தமிழ்99?

டெர்மினல்தாசன்:
ஐபஸ்-எம்17என் என்ற டைப்பிங் மென்பொருளை நிறுவினால் பட்டியலில் தமிழ்99 இருக்கும். அப்புறம், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவராக இருந்தால் விண்டோஸை அழிக்கும் முன் டோக்கன் மாடலை இங்கே போடுங்கள், லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.