ராத்திரில கை தேடுற சுவிட்ச்

குழு: நம்ம வீடு

வெள்ளிக்கிழமை

நான்: லாரி புது ஊருக்குக் கிளம்பிருச்சு. மொத்தம் 41 பெட்டி. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் தனி. வீடு காலியா இருக்கு, பேசினா எதிரொலிக்குது.

அக்கா: நாங்க 6 மணிக்கு வந்து சாவிய வாங்கிக்கறோம். அப்பா என்ன பண்றாரு?

நான்: ஹால்ல வெறுந்தரைல உக்காந்து பேப்பர் படிக்கிறார். நாற்காலி எப்பவும் இருக்கற அதே இடத்துல.

அண்ணன்: மீட்டர் போட்டோ எடுத்தியா?

நான்: கரண்ட், தண்ணி ரெண்டும் எடுத்தாச்சுண்ணா.

அண்ணன்: அங்க போனதும் ஒரு சாமான் உள்ள வைக்கறதுக்கு முன்னாடி அந்த மீட்டரையும் எடு. சுவத்துல இருக்கற ஆணி ஓட்டை, பாத்ரூம் டைல்ஸ் விரிசல், உடைஞ்ச தாழ்ப்பாள், எல்லாத்தையும் எடுத்து அன்னைக்கே வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிடு. காலி பண்ணும்போது இது யார் பண்ணினதுன்னு பேச்சே வராது.

சித்தி: அப்பாவோட இன்சுலின் எங்கம்மா இருக்கு?

நான்: கைப்பைல சித்தி. ஒரு மாசத்துக்கு வாங்கியாச்சு. டாக்டர் சீட்டும் வெச்சிருக்கேன்.

சித்தி: ஃப்ளைட்ல கீழ போடற பெட்டில மட்டும் வெச்சிடாத. உறைஞ்சு போச்சுன்னா தூக்கித்தான் போடணும், உருகினாலும் ஆகாது. பிரிக்காத பாட்டில் 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஐஸ் நேரா படாம துணி சுத்தி வை.

அத்தான்: பவர் பேங்க்கும் கைப்பைலதான் வரணும்மா. கீழ விட மாட்டாங்க.

அக்கா: அப்பா சாவிய என் கைல குடுத்துட்டு திரும்பிப் பாக்காம ஆட்டோல ஏறிட்டார். நான்தான் உள்ள போய் ஒரு நிமிஷம் நின்னுட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை

நான்: லாரி வந்தாச்சு. 40 பெட்டிதான் இருக்கு. 17-ஆம் நம்பர் வரல. இறக்கின ஆள் கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சுன்னு நிக்கிறார்.

அண்ணன்: போடு. ஆனா கையெழுத்துக்கு மேல "41-க்கு 40 வந்தது, 17 வரவில்லை"ன்னு உன் கையால எழுதி, நேரத்தையும் போட்டு, அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லு. அந்தத் தாள போட்டோ எடுத்துக்கோ. எல்லாம் வந்துச்சுன்னு ஒரு தடவை கையெழுத்துப் போட்டா அப்புறம் யாரும் போன் எடுக்க மாட்டாங்க.

நான்: போட்டாச்சு. அவரும் போட்டுட்டார்.

அக்கா: 17-ல என்ன இருந்துச்சு?

நான்: நோட்டுல பாத்தேன். போர்வை, இஸ்திரிப் பெட்டி, அப்புறம் அப்பா கட்டிலோட போல்ட் எல்லாம் ஒரு டப்பால.

அக்கா: ஐயோ.

நான்: ஆமாக்கா. பலகை இருக்கு, கால் இருக்கு, மாட்ட போல்ட் இல்ல. அப்பா இன்னும் தரைலதான் படுக்கணும். சனிக்கிழமைலேர்ந்து தரைதான். எழுந்திருக்கும்போது முட்டி பிடிக்குது, ரெண்டு கையும் ஊனித்தான் எழுந்துக்கிறார்.

சித்தி: எனக்கு 7 தடவை மாத்தல் வந்துச்சு, முதல் ரெண்டு தடவை நானும் இதே தப்பு பண்ணினேன். எந்தச் சாமானோட போல்ட்டோ, அத ஒரு கவர்ல போட்டு அந்தச் சாமான்லயே டேப் ஒட்டிக் கட்டிடணும். கட்டில் வந்தா போல்ட்டும் வரும்.

நான்: அடுத்த தடவைக்குன்னு சொல்லவே பயமா இருக்கு சித்தி.

அண்ணன்: ஃபிரிட்ஜ் நிமிர்ந்து வந்துச்சா, படுத்து வந்துச்சா?

நான்: படுத்துதான் கிடந்துச்சு.

அண்ணன்: அப்ப பிளக் மாட்டாத. கம்ப்ரஸர்ல இருக்கற எண்ணெய் குழாய்க்குள்ள ஓடியிருக்கும், அது கீழ இறங்கணும். நிமிர்த்தியே வந்திருந்தா 4 மணி நேரம் போதும். இத்தன நாள் படுத்து வந்திருக்கு, நாளைக்கு இதே நேரம் வரைக்கும் நிக்கட்டும்.

நான்: அதுவரைக்கும் இன்சுலினுக்கு என்ன பண்றது? பைல இருக்கற ஐஸ் கரைஞ்சிருச்சு.

அக்கா: பக்கத்துல யாராவது இருக்காங்களா?

நான்: எதிர் வீட்ல ஒரு அம்மா. பாஷை தெரியாதே.

சித்தி: பாட்டில கைல எடுத்துட்டுப் போய் நில்லு. மருந்துக்குப் பாஷை வேண்டாம்.

நான்: போய்ட்டு வந்தேன். கதவத் திறந்தாங்க. பாட்டில காட்டி, அப்பா பக்கம் கை காட்டினேன். ஒரே நொடி. உள்ள கூட்டிட்டுப் போய், ஃபிரிட்ஜ்ல நடுத்தட்டுல இருந்தத எல்லாம் மேல ஏத்தி, ஒரு சின்ன டப்பாவத் துடைச்சு அதுல வெச்சாங்க. டப்பா மேல பேப்பர் ஒட்டி என்னவோ எழுதினாங்க. அவங்க வீட்டுப் பசங்க தொடக்கூடாதுன்னு எழுதியிருப்பாங்க. கண்ணு கலங்கிருச்சுக்கா.

அக்கா: அவங்க நல்லா இருக்கணும்.

அண்ணி: அங்க நமக்கு ஒரு ஆள் கிடைச்சிட்டாங்க. நிம்மதியா இருக்கு.

புதன்கிழமை

நான்: ஃபிரிட்ஜ் ஓடுது, சத்தமில்லாம. மருந்த வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா வாஷிங் மெஷின் போட்டதும் தடதடன்னு ஆடி, சுவத்துலேர்ந்து ஒரு அடி முன்னாடி வந்துருச்சு.

அண்ணன்: பின்பக்கம் நீளமா போல்ட் இருக்கும், கழட்டினியா? முன்பக்கம் கதவு இருக்கற மெஷின்ல உள்ள இருக்கற டிரம் ஸ்பிரிங்ல தொங்குது. லாரில ஆடி அடிபடக்கூடாதுன்னு அத அசையாம பூட்டித்தான் அனுப்புவாங்க. உடனே நிறுத்து.

நான்: நாலு இருந்துச்சு. கழட்டிட்டேன். இப்ப ஒழுங்கா ஓடுது.

அண்ணன்: அந்த நாலையும் பத்திரமா வை. மெஷின் பின்னாடியே டேப் போட்டு ஒட்டிடு.

சித்தி: கத்துக்கிட்டானே என் பையன்.

வியாழக்கிழமை

நான்: அண்ணா, அக்கா, யாராவது முழிச்சிருக்கீங்களா?

அக்கா: என்னாச்சு, மணி 5:50 ஆகுது

நான்: அப்பா இடிச்சுக்கிட்டார். பாத்ரூம் போக எழுந்திருக்கார், ஒரே இருட்டு. வழில பிரிக்காத பெட்டி. அதத் தாண்டி சுவத்தத் தடவிட்டே போய் கதவு நிலைல தோள் பட்டிருச்சு. விழல. உக்கார வெச்சிருக்கேன்.

அக்கா: கைய மேல தூக்கச் சொல்லு

நான்: தூக்குறார். வீக்கம் இல்ல. லேசா வலின்னு சொல்றார்.

சித்தி: கால் பாத்தியா? விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாம் லைட் அடிச்சுப் பாரு. சுகர் இருக்கறவருக்குக் கால்ல அடிபட்டா வலியே தெரியாமப் போகலாம். பெட்டில பட்டிருக்கும்.

நான்: கட்டை விரல் ஓரத்துல சிராய்ப்பு சித்தி. அவருக்கே தெரியல. கழுவித் துடைச்சு மருந்து போட்டுட்டேன். காலைல டாக்டர்கிட்ட காட்டிடறேன்.

அப்பா: ஒன்றுமில்லை. எல்லோரும் தூங்கவும்.

அக்கா: நீங்க போன வெச்சுட்டுப் படுங்கப்பா.

அத்தான்: மாமா எப்பவும் அஞ்சரைக்கு எழுந்துக்கறவர்தானே. அங்க ஏன் இருட்டு? இங்க இப்பவே வெளுத்துருச்சு.

நான்: இங்க ஆறு மணிக்கும் இருட்டுதான் அத்தான். முதல் நாள் நானே கடிகாரம் தப்புன்னு நினைச்சேன்.

அத்தான்: சரிதான். பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்ப 1 டிகிரிக்கு 4 நிமிஷம். மேப்ல பாத்தேன், நீங்க இருக்கற இடம் இங்கேர்ந்து 11 டிகிரி மேற்க. சூரியன் உங்களுக்குக் கிட்டத்தட்ட 44 நிமிஷம் தாமதமா வருது. கடிகாரம் மட்டும் நாடு முழுக்க ஒண்ணு. மாமா உடம்பு இன்னும் இங்க இருக்கற விடியலுக்கு எழுந்துக்குது. எழுந்தா அங்க ராத்திரி.

அண்ணி: இது தோணவே இல்ல. எங்க வீட்லயும் லீவுக்குப் போனா பசங்க ரெண்டு நாள் இப்படித்தான்.

அத்தான்: சாயங்காலம் அரை மணி நேரம் வெளிய வெளிச்சத்துல உக்கார வைம்மா. உடம்பு வெளிச்சத்த வெச்சுதான் நேரத்த மாத்திக்கும். அங்க இருட்டறதும் தள்ளித்தானே போகும், அதனால தூங்கறதும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்.

நான்: சரி அத்தான். முதல்ல அவர் அறைலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் இருக்கற பெட்டி எல்லாத்தையும் இப்பவே எடுக்கறேன். இதத்தான் முதல் நாளே செஞ்சிருக்கணும். சமையலறைய அடுக்கிட்டிருந்தேன்.

அக்கா: கால்மிதி இருந்தா அதையும் எடுத்துடு. தரையோட ஒட்டாதது எதுவும் வேண்டாம்.

நான்: ஒண்ணு கேக்கணும். லைட் சுவிட்ச் இருக்குன்னு அவருக்குத் தெரியும். பகல்ல போடுறார். ராத்திரி மட்டும் ஏன் போடல?

சித்தி: சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?

நான்: கதவுக்கிட்ட, வலது பக்கம்.

சித்தி: பழைய வீட்ல படுக்கைல இருந்தபடியே இடது கைக்கு எட்டும். உங்கம்மா எப்பவும் சுவரோரம், அவர் இந்த ஓரம், இடது கை பக்கம் சுவிட்ச். அவங்க முழிச்சுக்கக்கூடாதுன்னு எழுந்திருக்காமலேயே கை நீட்டிப் போடுவார். உங்கம்மா போனப்புறமும் அந்த ஓரத்துலதான் படுக்கறார். நான் வந்து தங்கினப்ப பாத்திருக்கேன்.

நான்: ஆமா சித்தி. நிலைக்கு இடது பக்கம் சுவத்துல கைத்தடம் இருக்கு, இப்பதான் போய்ப் பாத்தேன். இங்க வந்து அஞ்சு ராத்திரில பெயிண்ட்ல அழுக்கு படிஞ்சிருக்கு. தினமும் தேடியிருக்கார். எங்ககிட்ட சொல்லவே இல்ல.

அண்ணன்: ...

அண்ணன்: போல்ட் வந்ததும் கட்டிலப் போடறதுக்கு முன்னாடி எனக்கு வீடியோ கால் பண்ணு.

சனிக்கிழமை

நான்: 17 வந்துருச்சு! வேற யாரோட சாமானோடயோ போய்ட்டு வந்திருக்கு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கு, போல்ட் எல்லாம் இருக்கு.

அண்ணன்: எண்ணிப் பாரு.

நான்: 8. சரியா இருக்கு.

அண்ணன்: தலைமாட்ட ஜன்னல் பக்கம் போடாத. பழைய வீட்ல எழுந்து உக்காந்தா பாத்ரூம் எந்தக் கைப்பக்கம்?

அக்கா: இடது கை. கட்டில்லேர்ந்து 6 எட்டு. நான் இப்பதான் போய் நடந்து பாத்துட்டு வந்தேன்.

அண்ணன்: அந்த வீட்டுக்கா போன?

அக்கா: சாவி என்கிட்டதானே இருக்கு.

நான்: அப்படின்னா கட்டிலத் திருப்பிப் போட்டா இங்கயும் இடது கை வரும். பீரோவ நகத்தணும். என் கணவர் வந்ததும் நகத்திடறோம்.

நான்: ஆச்சு. இங்க 8 எட்டு வருது. சுவிட்ச்சுக்கு எலக்ட்ரீஷியன் வந்தார், வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம். சுவத்த உடைக்க வேண்டாம்னு சுவத்து மேலயே பட்டை அடிச்சு அதுக்குள்ள ஒயர் இழுத்து, கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு சுவிட்ச் வெச்சார். அப்பாவ படுக்க வெச்சு, கை நீட்டச் சொல்லி, விரல் எங்க நின்னுச்சோ அங்க பென்சில்ல கோடு போட்டுத்தான் மாட்டினோம். பாத்ரூம் வழில ஒரு குட்டி ராத்திரி விளக்கும் போட்டாச்சு.

சித்தி: என் கண்ணு. அவர் என்ன சொன்னார்?

நான்: எதுக்கு வெட்டிச் செலவுன்னார். அப்புறம் படுத்தபடியே நாலஞ்சு தடவை போட்டு அணைச்சுப் பாத்தார்.

அண்ணி: பாப்பா ஸ்கூல் எப்படி?

நான்: மூணு நாள்ல இந்த ஊர் பாஷைல ஒண்ணு, ரெண்டு எண்ணக் கத்துக்கிட்டா. தாத்தாவுக்கும் சொல்லித் தர்றா. எதிர் வீட்டம்மா நம்ம விலாசத்தையும் என் நம்பரையும் அவங்க எழுத்துல ஒரு அட்டைல எழுதிக் குடுத்திருக்காங்க, அப்பா சட்டைப் பைலயே இருக்கு. இன்னைக்குத் தனியா தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வந்தார். போர்டு எதுவும் படிக்க முடியல, அதனால திருப்பத்துல இருக்கற மரத்த அடையாளம் வெச்சுக்கிட்டேன்னார்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: அப்பா தோள் பரவால்ல. சிராய்ப்பும் காய்ஞ்சிருச்சு, டாக்டர் சுத்தமா வெச்சுக்கோங்கன்னார். ராத்திரி லைட் போடற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. 2:40-க்கு ஒண்ணு, அஞ்சரைக்கு ஒண்ணு. அப்புறம் நான் தூங்கிட்டேன்.

அக்கா: அப்பா, புது ஆளுங்க நாளைக்கு வர்றாங்க. சாவி குடுக்கப் போறேன். ஏதாவது சொல்லணுமா?

அப்பா: பின் கதவுத் தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கிப் போட வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும்.

அப்பா: கிணற்றடி மூன்றாவது படி உயரம் குறைவு. வயதானவர் இருந்தால் சொல்லிவிடு.

அப்பா: படுக்கையறை சுவிட்ச் இடது கை பக்கம்.

அக்கா: சொல்லிடறேன்ப்பா. மூணையும் எழுதிக் குடுத்துடறேன்.