விசாவைக் காட்டி மிரட்டுற முதலாளி: ஆஸ்திரேலியாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

482 விசாவுல (ஒரு முதலாளி ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிடுற தற்காலிக வேலை விசா) வந்து, மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்துறதையும் கேவலமாப் பேசுறதையும் பொறுத்துக்கிட்டு இருக்கிறவங்க பெரும்பாலும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "வேலையை விட்டா விசா போயிடும்." அது பழைய கணக்கு. முன்னாடி 60 நாள்தான் கொடுத்தாங்க. 2024 ஜூலை 1-லிருந்து ஒரு தடவைக்கு 180 நாள், மொத்த விசா காலத்துக்கும் சேர்த்து 365 நாள் வரைக்கும் புது ஸ்பான்சர் தேடலாம். அந்த இடைவெளியில வேற இடத்துல, வேற தொழில்லகூட சம்பாதிக்கலாம். முதலாளியால உங்க விசாவை ரத்து பண்ண முடியாது. நீங்க விலகினதை 28 நாளுக்குள்ள உள்துறைக்குச் சொல்றதோட அவர் வேலை முடிஞ்சது. விசாவைச் சொல்லி மிரட்டி வேலை வாங்குறது இப்போ குற்றம்.

கம்பெனி ஆபீஸைவிட எனக்குக் கவலை நம்ம ஆளுங்க நடத்துற கடை, ஹோட்டல், சின்ன ஐடி கன்சல்டன்சிதான். அங்க யாரும் கத்த மாட்டாங்க. "தம்பி, உன்னை நான்தானே கூட்டிட்டு வந்தேன், இன்னைக்கு கொஞ்சம் நின்னு மூடிட்டுப் போ"ன்னு அன்பாவே சொல்வாங்க. அந்தக் கூடுதல் நேரம் சம்பளத்துல வராது. ஸ்பான்சர் பண்றதுக்குக் காசு வாங்குறதும், பேங்க்ல முழுச் சம்பளம் போட்டுட்டுப் பாதியை ரொக்கமாத் திருப்பிக் கேக்குறதும் சட்டப்படி தப்பு. புகார் பண்ணலாமேன்னா, "வெள்ளிக்கிழமை முருகன் கோயில்ல அவரு முகத்துல எப்படி முழிக்கிறது?"ன்னு கேப்பாங்க. சங்கடம் புரியுது. ஆனா கூச்சப்பட வேண்டியது அவருதாங்க, நீங்க இல்ல. கொடுக்காத சம்பளத்தை ஆறு வருஷம் வரைக்கும் பின்னாடி போய்க் கேக்கலாம்.

அதுக்கு ஆதாரம் வேணும். தேதி, நேரம், என்ன சொன்னாங்க, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு அன்னன்னைக்கே சொந்த ஃபோன்ல எழுதி வைங்க. கம்பெனி லேப்டாப்ல எழுதாதீங்க, வெளிய அனுப்புற அன்னைக்கு அதுவும் போயிடும். ரோஸ்டரையும் (யாருக்கு எப்போ வேலைங்கிற பட்டியல்) பே ஸ்லிப்பையும் படம் எடுத்து வைங்க. சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள்ள பே ஸ்லிப் வந்தாகணும். திருட்டுத்தனமா வாய்ஸ் ரெக்கார்ட் பண்ற யோசனை வேண்டாம், நியூ சவுத் வேல்ஸ்ல சம்மதமில்லாம பதிவு பண்ணா நீங்களே மாட்டிக்கலாம்.

இன்னொண்ணு, கேக்கக் கசக்கும். டெட்லைனுக்கு நெருக்குறதும், வேலை சரியில்லன்னு முறையாச் சொல்றதும் புல்லியிங் (வேலையிடத்துல கொடுமைப்படுத்துறது) ஆகாது. திரும்பத் திரும்ப, நியாயமில்லாம, உடம்போ மனசோ கெடக்கூடிய மாதிரி நடத்தினாத்தான் அந்தப் பேரு. அப்படின்னா வேலைத் தகராறை விசாரிக்கிற ஃபேர் வொர்க் கமிஷன்ல, அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு கேக்கலாம். ஆனா அதுல நஷ்டஈடு கிடையாது, அங்கேயே வேலையில இருக்கிறப்போதான் அது உதவும்.

வேலையை விட்டுத் தூக்கிட்டா அதே கமிஷன்ல வழக்குப் போட 21 நாள்தான் டைம். ஊருக்கு ஃபோன் போட்டு அழுது, அண்ணன்கிட்ட கேட்டு, ஏஜென்ட்கிட்ட கேட்டுன்னு அது ஓடிப் போயிடும். அநியாய நீக்கம்னு வழக்குப் போட ஆறு மாசம் வேலை பார்த்திருக்கணும், 15 பேருக்குக் கம்மியான இடம்னா ஒரு வருஷம். புகார் பண்ணதுக்காகவே தூக்கினாங்கன்னா அந்தக் கால வரம்பு இல்லாம வேற பிரிவுல போடலாம், ஆனா அதுக்கும் அதே 21 நாள்தான். ரூமுக்குள்ள உட்கார வச்சு ராஜினாமாவுல கையெழுத்துப் போடச் சொன்னா, "வீட்டுல படிச்சுட்டு வர்றேன்"னு எழுந்து வந்துடுங்க.

தூக்கம் போச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்குதுன்னா ஜிபி டாக்டரைப் பாருங்க. இந்த விசாவுல நமக்குப் பொதுவா மெடிகேர் (அரசாங்க மருத்துவக் காப்பீடு) கிடையாது, இன்சூரன்ஸ்ல எவ்வளவு கிடைக்கும்னு முதல்ல கேட்டுக்கோங்க. டாக்டர் எழுதித் தர்ற சான்றிதழும் பின்னாடி ஆதாரமாகும்.

முடிஞ்சா புது ஸ்பான்சர் உங்க பேர்ல போடுற நாமினேஷன் விண்ணப்பம் ஒப்புதலாகிக் கைக்கு வந்தப்புறம் ராஜினாமா பண்ணுங்க. கடிதம் ரெண்டு வரி போதும், கோபத்தை அதுல கொட்டாதீங்க. சம்பளச் சந்தேகத்துக்கு ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் (சம்பளப் புகார்களைப் பார்க்கிற அரசு அலுவலகம், கமிஷன் வேற) நம்பர் 13 13 94. இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா முதல்ல மொழிபெயர்ப்பு சேவை நம்பர் 131 450-க்கு அடிங்க, "தமிழ்"னு சொன்னா மொழிபெயர்ப்பாளரை வச்சு அவங்களே இணைப்பாங்க.