மறு: முக்கியத்துவ மாதிரியெடுப்பா, சாய்த்தெடுப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். மிக அரிதாக நடப்பதன் நிகழ்தகவைக் கணினியில் கணிக்கும் முறைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> இம்பார்ட்டன்ஸ் சாம்ப்ளிங் = முக்கியத்துவ மாதிரியெடுப்பு. இதில் என்ன குறை?

நீளத்தைக்கூட விடுங்கள். படிக்கிறவர், முக்கியமான மாதிரிகளைப் பொறுக்கியெடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார். நடப்பது வேறு.

பகடையைப் பத்து முறை உருட்டிப் பத்திலும் ஆறே விழ வேண்டும். நிகழ்தகவு 6,04,66,176-இல் ஒன்று. கணினியில் நேர்மையாக உருட்டினால் ஒரு தடவை பார்க்கவே சராசரியாக 6 கோடிச் சுற்று ஆகும். மதிப்பீட்டின் பிழையை 10 சதவீத அளவுக்குக் குறைக்க 600 கோடி. அதனால் சகுனி வேலை செய்கிறோம்: ஆறு பாதிக்குப் பாதி விழும்படி பகடையைச் சாய்த்துவிடுகிறோம். இப்போது 1,024 சுற்றுக்கு ஒன்று சிக்கும். ஆனால் சிக்கியதை முழுசாக ஒன்று என்று எண்ணக் கூடாது. உருட்டலுக்கு மூன்று மடங்கு சலுகை கொடுத்தோம் அல்லவா, பத்து உருட்டலுக்கும் சேர்த்து 59,049-ஆல் வகுத்தே வரவு வைக்க வேண்டும். 1,024-ஐ 59,049-ஆல் பெருக்கிப் பாருங்கள், பழைய எண் அப்படியே வரும். அதே துல்லியத்துக்கு ஒரு லட்சம் சுற்றே போதும்.

ஆகவே ‘சாய்த்தெடுப்பு’. அந்தத் திருத்தத்துக்கு ‘ஈட்டெடை’, அதாவது ஈடுகட்டும் எடை.

> சாய்வு என்றால் பள்ளிப் புத்தகத்தில் வேறு பொருள் ஆயிற்றே?

ஆமாம், கோட்டின் சாய்வு. அதனால்தான் ‘சாய்வு மாதிரி’ என்று வைக்கவில்லை. ‘சாய்த்து’ என்றால் வேண்டுமென்றே செய்தது தெரிகிறது.

அப்புறம், ஸ்பிளிட்டிங். அணுத்துகள்கள் தடுப்பைக் கடப்பதைக் கணிக்க ஹெர்மன் கானும் தியோடர் ஹாரிசும் 1951-இல் எழுதிய கட்டுரையில் வரும் முறை. இதில் பகடையைத் தொடுவதே இல்லை. இலக்கை நோக்கி ஒரு படி ஏறிய ஓட்டத்தை, அதாவது பாதியில் இருக்கும் சுற்றை, பல நகல்களாக்கி, எடையை அவற்றுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். ‘கிளைப்பு’ என்பேன். ‘பிளப்பு’ வேண்டாம், அணுப்பிளப்போடு குழம்பும், அதுவும் இந்தத் துறையில்.

சிமுலேஷனுக்கு, அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் இப்படி நடத்திப் பார்ப்பதற்கு, ‘பாவனை’ அழகுதான். ஆனால் இலங்கையில் பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். தற்போதைக்கு ‘உருவகப்படுத்தல்’ இருக்கட்டும், அணியிலக்கணக்காரர்கள் பொறுத்துக்கொள்க.

இன்னும் உறுத்துவது, ரேர் ஈவன்ட்டுக்குச் சொல்லும் ‘அரிய நிகழ்வு’. அணை உடைவதை அப்படிச் சொன்னால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வது போல இருக்கிறது. ‘அரிதுநிகழ்வு’ ஒட்டுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.